நடமாடும் வண்டிகளில் நன்னீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும்

ஓடும் வண்டியிலேயே உண்டு, உறங்கி, நாட்கணக்கில் தங்குவதற்கேற்ற ஊர்திகள் இந்தியாவில் இன்று அரியனவல்ல. படப்பிடிப்புத் தளங்களில் ‘கேரவன்’ என்னும் பெயரால் பலரும் அறிந்துள்ள வீட்டு வண்டி, இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கும் வாடகைக்குக் கிடைக்கின்றது. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளுக்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கை ஒன்றை அறிவித்தது. தொலைவிடங்களுக்குச் செல்லும் மருத்துவ வண்டிகளிலும், களப்பணிக் குழுக்களின் முகாம் வண்டிகளிலும் இதே அமைப்பைச் சிறிய அளவிற் காணலாம்.

இத்தகைய வண்டியின் தளத்திற்குக் கீழே பெரும்பாலும் மூன்று தொட்டிகள் இருக்கும். முதலாவது, குடிப்பதற்கும் சமைப்பதற்குமான நன்னீர்த் தொட்டி. இரண்டாவது, பாத்திரம் துலக்கிய நீரும் குளித்த நீரும் சேரும் தொட்டி. மூன்றாவது, கழிவறையிலிருந்து மலமும் சிறுநீரும் விழும் தொட்டி. மேனாட்டார் இரண்டாவதிலுள்ளதைச் ‘சாம்பல் நீர்’ என்றும் மூன்றாவதிலுள்ளதைக் ‘கருநீர்’ என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் அவை முறையே அழுக்குநீர், மலநீர் எனக் குறிக்கப்படும்.

மூன்று தொட்டிகளையும் ஒரே முறையில் பேணிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். வெளுப்புத்தூளை, அதாவது பிளீச்சிங் பவுடரை, எல்லாவற்றிலும் தாராளமாகக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்தம் கருத்து. உண்மை வேறு. நன்னீர்த் தொட்டியில் எந்த நுண்ணுயிரும் தங்கி வளராதவாறு காத்தல் வேண்டும். மலநீர்த் தொட்டியிலோ நுண்ணுயிர்கள் செழித்து வாழ்தல் வேண்டும். அவை மாண்டால் கழிவு கரையாது, நாற்றம் பெருகும், அடைப்பு உண்டாகும். முதல் தொட்டிக்கு மருந்தாவது மூன்றாம் தொட்டிக்கு நஞ்சாகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பராமரிப்பு விதிகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

நன்னீர்த் தொட்டி

நன்னீர் இரு வழிகளில் கெடுகின்றது. நீர் எடுக்கும் இடமே தூயதாக இல்லாதிருத்தல் ஒரு வழி. இதனை எல்லோரும் அறிவர். தூய நீரைக் கொண்டு வரும் ரப்பர்க் குழாய் அசுத்தமாயிருத்தல் மற்றொரு வழி. கவனத்திற்குத் தப்புவது இதுவே. ஒரு மருத்துவ வண்டி முகாமை முடித்துக்கொண்டு திரும்புகின்றது என்று கொள்வோம். உதவியாளர் மலநீர்த் தொட்டியை வெளியேற்றி, ஒரு குழாயைக் கொண்டு அதன் வாயைக் கழுவுகின்றார். மறுநாட்காலை அதே குழாயின் முனை நன்னீர்த் தொட்டிக்குள் நுழைக்கப்படுகின்றது. கண்ணுக்கு அழுக்கு ஏதும் புலப்படுவதில்லை. ஆயினும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகியவற்றின் கிருமிகளுக்கு அக்குழாயின் ஈரமே போதுமான வாகனம். நோயாளிகளை நாடிச் சென்ற வண்டியே நோயைப் பரப்புவதாக முடியும்.

ஆதலின் நன்னீருக்கு ஒரு குழாய், கழிவுத் தொட்டியைக் கழுவுவதற்கு வேறொரு குழாய் என்று இரண்டு இருத்தல் இன்றியமையாதது. இரண்டும் வெவ்வேறு நிறமுடையனவாகவும், வண்டியின் வெவ்வேறு பெட்டிகளில் வைக்கப்படுவனவாகவும் இருத்தல் நலம். பெட்டியில் இடம் போதவில்லை என்பது இதற்கு ஏற்கத்தக்க சாக்கு அன்று. நன்னீர்க் குழாயின் இரு முனைகளையும் உபயோகித்தபின் மூடிவைத்தல் வேண்டும். நீர் நிரப்பும்போது முதலில் சிறிது நீரைத் தரையில் ஓடவிட்டுப் பின்னரே தொட்டிக்குள் விடுதல் வேண்டும். குழாயின் முனை தொட்டி நீரில் அமிழ்ந்திருத்தலும் ஆகாது. ஊர்க்குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால் தொட்டியின் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊராரின் நீருடன் கலந்துவிடும்.

தொட்டிக்குள் நீர் பல நாட்கள் தேங்கி நிற்குமாயின் அதன் சுவர்களில் வழுவழுப்பான படலம் ஒன்று படியும். இது நுண்ணுயிர்கள் தாமே சுரக்கும் பசையினால் ஆனது. பசைக்குள் மறைந்துள்ள கிருமிகளைக் குடிநீரிற் கலக்கும் சிறிதளவு குளோரின் எளிதில் எட்டுவதில்லை. ஒளி ஊடுருவும் வெண்ணிறப் பிளாஸ்டிக் தொட்டியாயின் பாசியும் வளரும். வெயில் படாதபடி அதனை மறைத்துவிட்டால் பாசிக்கு வழியில்லை. படலத்தைப் போக்குவதற்கு, மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், வண்டி நெடுநாள் நின்று மீண்டும் புறப்படும்போதும், வலுவான குளோரின் கரைசலால் தொட்டியைக் கழுவுதல் வேண்டும்.

இதற்கான கணக்கு எளியது. ஒரு லிட்டர் நீருக்கு 50 மில்லிகிராம் குளோரின் தேவை. தொட்டியின் கொள்ளளவு 200 லிட்டராயின் மொத்தம் 10,000 மில்லிகிராம், அதாவது 10 கிராம் குளோரின் வேண்டும். வெளுப்புத்தூளின் எடையில் நான்கில் ஒரு பங்கே பயன்தரும் குளோரின் என்று கொண்டால் 40 கிராம் தூள் போதும். நூற்றுக்கு 5 பங்கு வலிமையுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமாயின் 200 மில்லிலிட்டர் போதும். தூளை நேரே தொட்டியிற் கொட்டுதல் கூடாது. வாளி நீரில் நன்கு கலக்கி, சுண்ணாம்பு அடியிற் படியும்வரை வைத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து ஊற்ற வேண்டும். அன்றேல் சுண்ணாம்புக் கசடு பம்பையும் குழாய்களையும் அடைத்துவிடும். திறந்த பையில் வெப்பத்திற் கிடந்த தூள் தன் குளோரினைப் பெரும்பாலும் இழந்திருக்கும். அதனை எவ்வளவு இட்டாலும் கணக்குப் பொய்த்துப்போகும்.

கரைசலை ஊற்றுவதற்கு முன் கரி வடிகட்டியைக் கழற்றிவிடுதல் வேண்டும். கரி குளோரினை உண்டுவிடும். பின்னர்த் தொட்டி நிறைய நீர் விட்டு, ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூட வேண்டும். வெந்நீர்க் குழாயையும், குளியலறைத் தூவியையும் மறத்தல் ஆகாது. நான்கு மணி நேரம் இவ்வாறே இருக்கட்டும். அதன்பின் முழுவதையும் வெளியேற்றி, மணம் அடங்கும்வரை நன்னீரால் அலச வேண்டும். துருப்பிடிக்காத எஃகினாற் செய்த தொட்டியாயின் கரைசலை இரவு முழுதும் விட்டுவைத்தல் தகாது. குளோரின் அவ்வுலோகத்தையும் அரிக்க வல்லது. இம்முறையில் வெளியேறும் குளோரின் நீரை மலநீர்த் தொட்டிக்குள் செலுத்துதல் கூடவே கூடாது.

அன்றாடக் குடிநீருக்கு இவ்வளவு வலிமை தேவையில்லை. 200 லிட்டருக்கு வெளுப்புத்தூள் ஒன்றரை கிராம் அளவில் தொடங்கி, அரைமணி நேரம் கழித்து, குளோரின் சோதனைப் பெட்டியால் அளந்து பார்க்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரமாகிய ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்கின்றது. எஞ்சிய குளோரின் அதற்குக் குறைவாயின் நீரிலுள்ள அழுக்கு அதனைத் தின்றுவிட்டது என்பது பொருள். மேலும் சிறிது இட வேண்டும். லாரி நீர் கலங்கலாயிருந்தால் முதலில் தெளியவைத்த பின்னரே குளோரின் இடுதல் முறை.

மலநீர்த் தொட்டி

நீரைச் சிக்கனம் செய்தல் நற்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மலநீர்த் தொட்டியைப் பொறுத்தமட்டில் அச்சிக்கனமே கேட்டிற்கு மூலமாகின்றது. நீர் போதாதபோது மலமும் காகிதமும் விழுகுழாயின் நேர் கீழே குவிகின்றன. நீர் வடிந்துபோக, குவியல் மட்டும் எஞ்சிக் கூம்புபோல் உயர்கின்றது. சில நாட்களில் அது செங்கல்லைப்போல் இறுகிவிடும். வெளியேற்றும் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருந்தால் தொட்டி நிரம்பாது, தொல்லையில்லை என்று கருதுவோர் பெரும்பாலும் இந்நிலைக்கே ஆளாகின்றனர்.

முறையான பழக்கம் வருமாறு: தொட்டியை வெளியேற்றிய உடனே பத்து லிட்டர் அளவு நீரை அதனுள் விட்டு, அடித்தளம் முழுதும் நனைந்திருக்கச் செய்ய வேண்டும். வால்வை மூடியே வைத்தல் வேண்டும். முக்கால் பங்கு நிரம்பிய பின்னரே திறத்தல் வேண்டும். அப்போது நீரின் கனமும் வேகமும் சேர்ந்து திடப்பொருளை இழுத்துக்கொண்டு வெளியேறும். கால் பங்கு நீருக்கு அவ்வலிமை இல்லை.

இனி, இத்தொட்டிக்குள் நிகழ்வது யாது என்பதை அறிவதற்கு இந்திய ரயில்வேயின் அனுபவம் பெரிதும் உதவும். முன்னாளில் ரயில் பெட்டிக் கழிவறைகளின் கழிவு நேரே தண்டவாளத்தின்மீது விழுந்தது. அதனால் தண்டவாளமும் அதனைப் பிணைக்கும் இரும்பும் அரிக்கப்பட்டன. பாதையைப் பார்வையிடும் தொழிலாளர் குனிந்து நோக்கவும் இயலாத நிலை ஏற்பட்டது. அனில் ககோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு 2012-ஆம் ஆண்டில் இதனைச் சுட்டிக்காட்டியது. சியாச்சின் போன்ற உறைபனிப் பகுதிகளிலுள்ள படைவீரர்களுக்காக, குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய உயிரியல் செரிப்புத் தொட்டியே ரயில் பெட்டிகளுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் குவாலியர்–வாரணாசி புந்தேல்கண்ட் விரைவு வண்டி இவ்வமைப்புடன் புறப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் மானாமதுரை–ராமேசுவரம் பாதை, கழிவு விழாத முதற் பாதையாக அறிவிக்கப்பட்டது.

அத்தொட்டியில் தடுப்புச் சுவர்கள் உள்ளன. கழிவு அவற்றைச் சுற்றி மெல்ல நகர்கின்றது. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்று முன்னரே அதனுள் விடப்பட்டுள்ளது. அவற்றுள் ஒரு சாரார் திடப்பொருளைக் கரைக்கின்றனர். அடுத்தவர் அதனை அமிலங்களாக்குகின்றனர். கடைசியில் வருவோர் அவ்வமிலங்களினின்று மீத்தேனும் கரியமிலவாயுவும் உண்டாக்குகின்றனர். இறுதியில் எஞ்சும் நீர் குளோரின் அறையைக் கடந்து வெளியேறுகின்றது. குளோரின் இங்கே கடைசியில் வருகின்றது, தொடக்கத்தில் அன்று என்பது கவனிக்கத்தக்கது.

அமைப்பு சிறந்ததாயினும் உபயோகிப்போர் அதற்கு ஏற்றவாறு நடந்துகொள்ளவில்லை. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை இத்தொட்டிகளின் குறைபாடுகளை விரிவாக எடுத்துரைத்தது. அவற்றுள் முதன்மையானது அடைப்பு. தண்ணீர்ப் புட்டி, துணி, செய்தித்தாள், பாக்குப் பொட்டலத்தின் உறை போன்றவற்றைப் பயணிகள் கழிவறைக்குள் எறிந்தமையே காரணம். பாக்டீரியாக்கள் மலத்தை உண்ணும், பிளாஸ்டிக்கை உண்ணா. கேரவன் வண்டியின் தொட்டிக்கும் இதுவே விதி. மாதவிடாய்ப் பஞ்சும், குழந்தைகளின் அணையாடையும், ‘ஈரத்துடைப்பான்’ என விற்கப்படும் துணிக்காகிதமும் அதனுள் விழலாகாது. இதற்காகக் கழிவறையில் மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்றை வைத்தல், கதவில் நான்கு எச்சரிக்கைகள் எழுதி ஒட்டுவதைவிடப் பயனுள்ளது.

சாதாரண வீட்டு வண்டித் தொட்டியில் ரயில்வேத் தொட்டியைப்போல் முழுச் செரிமானம் நிகழ்வதில்லை. கழிவு அங்கே சில நாட்களே தங்குகின்றது. எனினும் இயற்கையாக அமைந்த பாக்டீரியாக்கள் காகிதத்தையும் மலத்தையும் இளகச் செய்கின்றன. நொதிப்பொருளும் பாக்டீரியாவும் கலந்த மருந்துகள் கடைகளிற் கிடைக்கும். அவை இவ்வேலைக்குத் துணை செய்யும். பார்மலின் கலந்த மருந்துகள் நாற்றத்தை அடக்குவது உண்மையே. ஆனால் அவை கிருமிகளைக் கொன்று அடக்குகின்றன. அக்கழிவு பின்னர்ச் சென்று சேரும் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாக்களையும் தாக்குகின்றன. பினாயிலும் கழிவறை அமிலமும் இத்தன்மையவே. கழிவறைப் பீங்கானைத் துலக்குவதற்கு மென்மையான சோப்பு நீரும் தூரிகையும் போதும்.

குவியல் இறுகிவிட்டால் என் செய்வது? இரும்புக் கம்பியால் குத்துதல் கூடாது. வால்வின் ரப்பர் வளையம் கிழியும், தொட்டியின் சுவரும் துளைபடும். தொட்டியில் பாதிக்கு மேல் வெதுவெதுப்பான நீர் விட்டு, இரண்டு மூன்று நாட்கள் ஊறவிட வேண்டும். கொதிநீர் ஆகாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஊறிய பின் சமதளப் பாதையில் மெதுவாகச் சிறிது தூரம் வண்டியை ஓட்டினால் நீர் அலைந்து குவியலைக் கரைக்கும். மலைப்பாதையில் இதனைச் செய்யலாகாது. பாதி நிறைந்த தொட்டியில் நூறு கிலோகிராம் நீர் வளைவுதோறும் ஒருபுறம் சாயுமாயின் வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறக்கூடும்.

அளவுகாட்டி விளக்கு, தொட்டி காலியான பின்னும் ‘நிறைந்தது’ எனக் காட்டுவதுண்டு. கருவி பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு செய்தல் வேண்டா. தொட்டிச் சுவரிலுள்ள உலோக முனைகளின்மீது கொழுப்பும் காகிதமும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்துகின்றன. மேற்கூறிய ஊறலே பெரும்பாலும் அதற்கும் மருந்தாகும்.

வாயுக்கள்

பிராணவாயு இல்லாத இடத்தில் கழிவு மக்கும்போது மீத்தேனுடன் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவும் பிறக்கின்றது. மீத்தேன் எரியும் தன்மையுடையது. காற்றுடன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது வெடிக்கவும் செய்யும். தொட்டிக்குள் என்ன இருக்கின்றது எனத் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும், திறந்த வால்வின் அருகே புகைபிடிப்பதும் ஆபத்தான செயல்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றமுடையது, காற்றைவிடக் கனமானது. அதன் செறிவு மிகும்போது மூக்கின் மோப்ப உணர்வு மரத்துப்போகின்றது. நாற்றம் நின்றுவிட்டதால் வாயுவும் நீங்கிவிட்டது என்று எண்ணி முகத்தை அருகே கொண்டுசெல்பவர் மயங்கி வீழ்வார். நாட்டில் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிய தொழிலாளர் பலர் மாண்டது இவ்வாறே. அவரைக் காக்க இறங்கியவரும் உடன் மாண்டதுண்டு.

மற்றோர் ஆபத்து மனிதரின் கையாலேயே விளைவது. கழிவறை அமிலமும் வெளுப்புத்தூளும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். வண்டியின் கழிவறை நாலடிச் சதுரமே, சன்னலும் சிறியது. ஒருவர் காலையில் அமிலம் ஊற்றிச் சென்றதை அறியாமல் மற்றொருவர் மாலையில் வெளுப்புத்தூள் இடுவாராயின் மூச்சுத் திணறல் நிச்சயம். ஆகவே வண்டியில் அமிலப் புட்டியே இல்லாதிருத்தல் நன்று.

வண்டியின் கூரைக்கு மேல் நீட்டியுள்ள காற்றுக் குழாய் இவ்வாயுக்களை வெளியேற்றுகின்றது. அதில் குளவிக்கூடோ இலையோ அடைத்திருந்தால் வாயு கழிவறைக்குள் திரும்பும். தொட்டித் துர்நாற்றத்திற்கு மருந்து தேடுமுன் கூரைமீது ஏறிப் பார்த்தல் வேண்டும். கழிவறையிலும் குளியலறையிலும் வளைகுழாய்களில் நிற்கும் நீரே வாயுவிற்குத் தடையாக அமைகின்றது. வெயிலில் வண்டி நின்றால் அந்நீர் ஆவியாகிவிடும். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு குவளை நீர் விட்டால் தடை மீளும்.

வெளியேற்றுதல்

கழிவைச் சாலையோரத்திலோ, ஏரியிலோ, மழைநீர்க் கால்வாயிலோ திறந்துவிடுதல் குற்றம் மட்டுமன்று, அவ்வூரின் கிணறுகளுக்குச் செய்யும் கொடுமையும் ஆகும். புறப்படுமுன்னரே, வழியிலுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எது என்பதை உள்ளாட்சி அலுவலகத்திற் கேட்டறிந்து, அதன் அனுமதியைப் பெற்றுப் பயணத்திட்டத்திற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் போன்றவை பின்னர்ப் பல மாநிலங்களில் எழுந்துள்ளன.

வெளியேற்றும்போது முதலில் மலநீர், பின்னர் அழுக்குநீர் என்பது வரிசை. சோப்பு கலந்த அழுக்குநீர் பின்னே வந்து குழாயைக் கழுவிவிடும். ரப்பர்க் கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். கண்ணாடியும் இருந்தால் நன்று. வேலை முடிந்தபின், கையுறையுடன் நன்னீர்க் குழாயைத் தொடுதல் ஆகாது. மனிதக் கழிவைப் பிறர் கையால் அள்ளச் செய்தலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அடைப்பு நீங்கவில்லை என்பதற்காக உதவியாளரைக் கைவிட்டு எடுக்குமாறு பணிக்க எவ்வதிகாரிக்கும் உரிமையில்லை. உறிஞ்சு இயந்திரம் உள்ள வண்டியை வரவழைத்தலே வழி.

அழுக்குநீர்த் தொட்டியைப் பற்றிச் சில சொற்களே போதும். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேருமாயின் அது மலநீர்த் தொட்டியைவிடக் கொடிதாக நாறும். தட்டுகளைக் கழுவுமுன் காகிதத்தால் வழித்துக் குப்பையிலிடுதலும், வடிகாலின்மேல் சல்லடை வைத்தலும் தக்க பரிகாரம். நெய்யும் வனஸ்பதியும் குளிரில் உறைந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். லடாக் போன்ற இடங்களிலோ நீரே உறைந்துபோகும். உறையும்போது நீரின் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகுவதால் குழாய்களும் பம்பும் வெடிக்கும். அங்கே இரவில் வண்டியை நிறுத்துவதாயின் மூன்று தொட்டிகளையும் பம்பையும் காலி செய்து, எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை

இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் சாணத்தைச் சம அளவு நீரிற் கரைத்து முக்கால் பங்கு நிரப்புக. ஒன்றில் மட்டும் நான்கு மேசைக்கரண்டி பினாயில் சேர்க்க. இரண்டின் வாயிலும் பலூனை இறுகக் கட்டி, வெதுவெதுப்பான, நேர்வெயில் படாத இடத்தில் வைக்க. சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் முதற் புட்டியின் பலூன் மெல்ல உப்பும். பினாயில் சேர்த்த புட்டியின் பலூன் அவ்வாறு உப்பாது. இரு புட்டிகளிலும் கழிவு ஒன்றே. ஒன்றில் உழைப்பாளிகள் உயிருடன் உள்ளனர், மற்றதில் இல்லை என்பதை மாணவர் நேரிற் காண்பர். பலூனை அவிழ்க்கும்போது அருகில் தீ இருத்தலாகாது. திறந்தவெளியில் அவிழ்த்து, முதற் புட்டியின் கரைசலை எருக்குழியில் ஊற்றலாம். பினாயில் கலந்ததை எருவிற் சேர்க்காமல், நிறைய நீருடன் கழிவறையில் விட்டுவிடுக.